விலைக்கு வாங்கிய பதவி

பிரிட்டிஷ் பட்டாளத்தில் 1871 வரையில் அதிகாரிப் பதவி விலைக்குக் கிடைத்தது. லஞ்சமல்ல, சர்க்காரே விலை வைத்திருந்தது. காலாட்படையில் அடிமட்ட அதிகாரிப் பதவிக்கு 450 பவுன். லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு 4,500. விலகும்போது விற்றுவிடலாம்.

இதற்கும் ஒரு நியாயம் சொன்னார்கள். கிராம்வெல்லின் பட்டாள ஆட்சியை அவர்கள் மறக்கவில்லை. சொத்துள்ளவன் கலகம் செய்யமாட்டான். அவன் போட்ட பணமே ஜாமீன் என்றார்கள்.

யாருக்கு ஜாமீன்? அரசுக்கு. அவன் கீழே நிற்கும் சிப்பாய்க்கு? கார்டிகன் பிரபு 1834-ல், நடத்தை சரியில்லையென்று ஒரு குதிரைப்படையின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். 1836-ல் பணமும் செல்வாக்குமாக இன்னொரு படைக்குத் தலைவராகிவிட்டார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பீரங்கிப் படையில் இந்த வியாபாரம் கிடையாது. அங்கே படித்துத் தேறியவனுக்கே இடம். பீரங்கி தாட்சண்யம் பார்க்காது. கணக்குத் தப்பினால் குறியும் தப்பிவிடும். மனிதன் அப்படியா? தகுதியில்லாதவன் கட்டளையிட்டாலும் சலாம் வைத்துக் கீழ்ப்படிவான்.

அந்தப் பணிவை நம்பித்தான் வியாபாரம் நடந்தது. வாங்கியவன் கொடுத்தது தன் பணம். பெற்றது பிறர் உயிர்மேல் அதிகாரம். பணம் அவனுடையது, சரி. அந்த உயிர்களுக்கு விலை போடச் சர்க்காருக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?