மூடாத குழிக்கு யார் பொறுப்பு?

அப்பன் பட்ட கடனுக்கு மகன் பொறுப்பாவானா என்று நம் மலைநாட்டு வயோதிபர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு பெருமூச்சு விட்டபின்தான் பதில் வரும். பெரிய கங்காணிகளின் காலத்தில், தொழிலாளி ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போனால் அவனோடு ஒரு 'துண்டு'ம் போயிற்று. இவன் பேரில் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதிய காகிதம் அது. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. அதுவரை, துரை மாறினாலும் தோட்டம் மாறினாலும் ஏழையின் கடன் வழியில் தொலைந்ததில்லை. அவனுக்குப் பின்னாலேயே நடந்து வந்தது.

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் விஷயம் வேறொரு கடன். ஒருவர் நல்ல நோக்கத்தோடுதான் ஓர் ஆபத்தான பொருளைக் கொண்டுவந்து வைக்கிறார். அதனால் கல்வி வளர்கிறது, அல்லது நோயாளி சுகமடைகிறான், அல்லது நாலு குடும்பத்துக்குச் சம்பளம் கிடைக்கிறது. பிறகு வேலை முடிகிறது. கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார். பூட்டிய அறைக்குள் கிடக்கும் நஞ்சு அதன்பின் யாருடைய சொத்து? அதைத் துப்புரவாக்கும் கடமை யார் தலையில் விழுகிறது?

டில்லியில் நடந்ததைச் சொன்னால் கேள்வி விளங்கும். 1968-இல் டில்லிப் பல்கலைக்கழகத்தின் இரசாயனப் பகுதி கனடாவிலிருந்து ஆராய்ச்சிக்காக ஒரு கருவியை வாங்கியது. 'காமாசெல்' என்று பெயர். கனத்த ஈயக் கவசத்தின் நடுவே கோபால்ட்-60 என்னும் கதிரியக்க உலோகம். கவசம் பழுதில்லாமல் இருக்கும்வரை அதன் பக்கத்தில் நின்று வேலை செய்யலாம். 1985-க்குப் பின் அதை எவரும் பயன்படுத்தவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் சும்மா கிடந்தது. 2010 பெப்ரவரியில் அது ஏலத்தில் விடப்பட்டு, மேற்கு டில்லியில் மாயாபுரி என்னும் பழைய இரும்புச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. ஆகவே தொழிலாளர்கள் கவசத்தை உடைத்தார்கள். உள்ளே இருந்த உலோகம் சிறு சிறு கூறுகளாகக் கடைக்குக் கடை கைமாறியது. ஏப்ரல் மாதம் அங்கே பலர் நோயில் விழுந்தார்கள். இது சாதாரண நோயல்ல என்று ஆஸ்பத்திரி அணுசக்தி அதிகாரிகளுக்கு அறிவித்தபிறகே உண்மை வெளிவந்தது. அவர்கள் அளவுகருவிகளோடு கடை கடையாகத் தேடிப் பொறுக்கி, நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். தொழிலாளி ஒருவர் ஏப்ரல் 26-ஆம் திகதி இறந்துபோனார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கோபால்ட்-60-இன் வீரியம் சுமார் ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 1985-இல் இருந்ததில் ஏறக்குறைய இருபத்தேழில் ஒரு பங்குதான் 2010-இல் மிஞ்சியிருக்கும். அந்த ஒரு பங்கே ஓர் உயிரைக் குடித்தது. ஆனால் அந்த உலோகத்தைவிட வேகமாகத் தேய்ந்த பொருளொன்று அதே கட்டிடத்தில் இருந்தது. அது, 'இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது' என்ற அறிவு. உலோகம் இருந்தது; ஞாபகம் போய்விட்டது.

அப்படியானால் பாவம் யாருடையது? 1968-இல் வாங்கியவர்கள் படிப்புக்காக வாங்கினார்கள், அதில் குற்றமில்லை. பயன்படுத்தியவர்கள் கவசத்தோடு பயன்படுத்தினார்கள்; அதிலும் குற்றமில்லை. ஏலம் கூறியவர்கள் கொலை செய்யப் புறப்பட்டவர்கள் அல்லர். ஈயத்தை உடைத்தவன் வயிற்றுக்காக உடைத்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தால் கொலைகாரன் எவனுமில்லை, ஆனால் ஒரு பிரேதம் மட்டும் இருக்கிறது. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்த பாவங்களை மட்டுமா சொல்லி மார்பில் தட்டுகிறோம்? செய்யத் தவறியதையும் சேர்த்தே சொல்லுகிறோம். இந்தச் சாவு அந்த இரண்டாவது கணக்கில் வருவது. ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருள் போனபோது, சொல்லவேண்டிய வார்த்தை கூடப் போகவில்லை. தொழிலாளியின் கடனுக்குத் துண்டு எழுதிய உலகம், நஞ்சுக்குத் துண்டு எழுத மறந்துவிட்டது.

மோயீசனின் சட்டத்தில், யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில், குழியைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. ஒருவன் குழி வெட்டி மூடாமல் விட்டாலும், முன்பே இருக்கும் குழியைத் திறந்து வைத்தாலும், அதில் மாடோ கழுதையோ விழுந்து செத்தால் அவனே ஈடு கொடுக்க வேண்டும். 'நான் மாட்டைத் தள்ளவில்லையே' என்ற பேச்சு அங்கே எடுபடாது. வெட்டியவன், திறந்தவன் இருவரையும் ஒரே நிறையில் வைத்திருப்பதுதான் இதில் விசேஷம். இது தர்மம் செய்யச் சொல்லும் விதியன்று, நீதி. ஈடு கொடுப்பவனைக் கொடைவள்ளல் என்று யாரும் மாலை போட வேண்டியதில்லை. டில்லியில் அப்போதைய துணைவேந்தர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்துத் தார்மீகப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நல்லதுதான். ஆனால் குழியை மூடவேண்டிய காலம் விழுந்தபிறகு அல்லவே.

'நாங்கள் வெட்டவில்லை, நிலத்தை வாங்கும்போதே குழி இருந்தது' என்று சொல்லுகிறவர்களை என்ன செய்வது? இதுதான் கடினமான கேள்வி. என் அபிப்பிராயம் இது: சொத்தை ஏற்றவன் அதன் கடனையும் ஏற்றவன். கட்டிடத்தின் பெருமையும், பெயரும், வாடகையும் எனக்கு, அடித்தட்டில் கிடக்கும் நஞ்சு மட்டும் செத்துப்போனவர்களுக்கு என்று பங்கு பிரிக்க முடியாது. பாரிஸ் நகரையடுத்த ஆர்க்கேய் என்னுமிடத்தில், மேரி கியூரி அம்மையாரின் ரேடியம் நிலையத்தைச் சேர்ந்த ஆய்வுகூடம் ஒன்று 1978-இல் கைவிடப்பட்டது. அம்மையார் இறந்தது 1934-இல். ரேடியமோ பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் எடுக்கும். அந்தச் சுவர்களைத் துப்புரவாக்கும் செலவு, அவரைக் கண்ணால் காணாத தலைமுறையின் வரிப்பணத்தில் போகிறது. அவர் தந்த புற்றுநோய் வைத்தியத்தை அனுபவிப்பதும் அதே தலைமுறைதானே.

பிரேசில் நாட்டுக் கோயானியா நகரத்தில் நடந்தது இன்னும் கொடுமை. தனியார் கதிர்வீச்சு வைத்தியசாலையொன்று 1985-இன் இறுதியளவில் இடம்மாறியபோது, சீசியம்-137 அடங்கிய கருவியைப் பழைய கட்டிடத்திலேயே விட்டுச்சென்றது. அதிகாரிகளுக்கு அறிவிக்கவில்லை. 1987 செப்டெம்பரில் இருவர் அதைப் பழைய இரும்பென்று எடுத்துப்போய் விற்றார்கள். உள்ளே இருந்த தூள் இருட்டில் நீல ஒளி வீசியது. அழகாக இருக்கிறதென்று சுற்றத்தாருக்குப் பங்கிட்டார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அதைத் தொட்ட கையோடு சாப்பிட்டாள். நான்கு பேர் இறந்தார்கள். 1,12,000-க்கு மேற்பட்டோரைச் சோதித்ததில் 249 பேரிடம் கதிரியக்க மாசு காணப்பட்டது. இத்தனைக்கும் முடிவு கட்டியவர் யார் தெரியுமா? விஞ்ஞானியல்ல. பழைய இரும்பு வியாபாரியின் மனைவி. வீட்டில் எல்லோரும் நோயில் விழுவதைப் பார்த்து, இந்தப் பொருளில்தான் ஏதோ இருக்கிறது என்று ஊகித்து, அதைப் பையில் போட்டு பஸ்ஸில் ஏறி, சுகாதாரக் கந்தோருக்குக் கொண்டுபோனார். இறந்த நால்வரில் அவரும் ஒருவர். படித்தவர்கள் செய்யாமல் விட்ட கடமையை, எந்தக் கடமையும் இல்லாத ஒரு பெண் செய்து முடித்தார். அந்தச் சிறுமியின் ஈயம் வேய்ந்த பெட்டியைப் புதைக்கப் போனபோது ஜனங்கள் கல்லெறிந்தார்கள் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். நஞ்சை விட்டுச்சென்றவர்களை நோக்கி ஒரு கல்லும் பறக்கவில்லை. அவர்கள் அங்கே இல்லை.

தூரத்துக் கதை என்று எண்ணவேண்டாம். கொடைக்கானலும் நம்முடையதைப் போல ஒரு மலையூர்தான். அமெரிக்காவில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்றின் இயந்திரங்களை எண்பதுகளில் அங்கே இறக்கினார்கள். 2001-இல், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடப்பது தெரியவந்து, தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் ஏறக்குறைய 290 தொன் கழிவு திரும்ப அமெரிக்காவுக்கே கப்பலேறியது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் கம்பெனி உடன்படிக்கைக்கு வந்தது 2016-இல். ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிஞ்சினால் 'சுத்தம்' என்பது என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். சுத்தத்துக்கு விலை பேசலாமா என்று நமக்கு அருவருப்பாக இருக்கும். ஆனால் கடைசி மில்லிகிராமையும் எடுக்க முடியாதபோது ஓர் அளவு வைத்தே ஆகவேண்டும். அந்த அளவை யார் வைப்பது என்பதே கேள்வி. கீழே அந்த நீரைக் குடிப்பவனுக்கும் அந்தச் சபையில் ஓர் ஆசனம் வேண்டும்.

நல்லதண்ணி என்று ஊருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள் நம் முன்னோர். சிவனொளிபாத மலைச்சாரலில் இறங்கும் ஓடைகள் மவுஸாக்கலை நீர்த்தேக்கத்தை நிரப்பி, களனி கங்கையில் கலந்து, கொழும்பு மாநகரத்துக் குழாய்வரை போகின்றன. நாம் பீலியில் குடம் பிடிக்கும் அதே தண்ணீர். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை யாத்திரிகர் விட்டுப்போகும் பிளாஸ்டிக் குப்பையாவது கண்ணுக்குத் தெரிகிறது, யாரோ பொறுக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாததை?

நம் தோட்டங்கள் வெள்ளைக்காரக் கம்பெனிகளிடமிருந்து 1970-களில் அரசாங்கத்துக்குப் போயின. 1992-இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்குப் போயிற்று. ஒவ்வொரு முறையும் எத்தனை ஏக்கர், எத்தனை இயந்திரம், எத்தனை லயம் என்று கணக்கெடுத்திருப்பார்கள். மருந்து ஸ்டோரின் பின்னறையில் பூட்டிக்கிடக்கும் பீப்பாய்க்கும், மூடிய டிஸ்பென்சரியின் அலுமாரிக்கும், மூடிய பெக்டரியின் மூலைக்கும் யாராவது துண்டு எழுதினார்களா? இதைக் கேட்பது கலகமல்ல. பீப்பாயின் எழுத்து அழிந்துபோவதற்கு முன் கேட்டால், என்ன இருந்தது என்று சொல்லக்கூடிய பழைய ஸ்டோர்காரர் ஒருவராவது உயிரோடு இருப்பார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மாயாபுரியிலும் கோயானியாவிலும் முதலில் கைவைத்தவன் ஏழை. பழைய இரும்பு அவனுக்கு அன்றைய அரிசி. மூன்று இதழ் போன்ற பழைய எச்சரிக்கை அடையாளம் பாமர மக்களுக்கு விளங்குவதில்லை என்று கண்டு, 2007-இல் சர்வதேச அணுசக்தி முகமையும் தரநிர்ணய நிறுவனமும் மண்டையோடும் ஓடுகிற மனிதனும் கொண்ட சிவப்பு அடையாளமொன்றைக் கொண்டுவந்தன. நல்ல ஏற்பாடு. என்றாலும், அடையாளத்தைப் பார்த்துவிட்டு, தொடாமல், திறக்காமல், பஸ்ஸிலும் ஏற்றாமல், இருந்த இடத்திலேயே விட்டு அறிவிக்கிறவனுக்கு அன்று இராத்திரி அடுப்பு எரியவேண்டுமே! ஈயத்தின் சந்தை விலையை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பேன். அந்தப் பணம் நன்கொடையாக அல்ல, குழியை மூடும் செலவின் முதல் பற்றாக எழுதப்பட வேண்டும். எழுதவேண்டிய கணக்குப் புத்தகம் அந்தக் கட்டிடத்தை இன்று வைத்திருப்பவருடையது.