மண்கலத்தில் இட்ட பத்திரம்

எருசலேமைப் பாபிலோனியப் படை முற்றுகையிட்டிருந்த காலம். நாடே கையைவிட்டுப் போகும் தறுவாயில், காவல்கூடத்தில் அடைபட்டிருந்த இறைவாக்கினர் எரேமியா ஒரு நிலத்தை விலைக்கு வாங்கினார். அனாத்தோத்து ஊரிலிருந்த அந்த நிலத்தை விற்க வந்தவர் வேற்றாள் அல்லர். தந்தையின் உடன்பிறந்தாரான சல்லூமின் மகன் அனமேல். விலை 17 செக்கேல் வெள்ளி. சாட்சிகள் ஒப்பமிட்டனர். முத்திரையிட்ட படியையும் திறந்த படியையும் ஒரு மண்கலத்தில் இட்டு, நெடுங்காலம் அழியாதிருக்கும்படி வைக்கச் சொன்னார் இறைவாக்கினர். நிலத்தை மீட்கும் உரிமை இரத்த உறவினருக்கே உரியது என்பது இஸ்ரயேலின் சட்டம். ஆகவே அந்தப் பத்திரம் நிலக்கிரயத்தைச் சொல்வதோடு, யார் யாருக்கு என்ன உறவு என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பலர் தம் முன்னோரைப் பழைய உயில்களிலும் நிலப் பத்திரங்களிலும் தேடிக் கண்டடையும் முறையைப்பற்றி அண்மையில் படித்தபோது, இந்த மண்கலந்தான் என் நினைவுக்கு வந்தது. படிக்கப் படிக்க ஒரு கேள்வியும் எழுந்தது. முன்னோரைத் தேடுவது வீண் பெருமையா, கடமையா? முடிவற்ற மூதாதையர் பட்டியல்களில் கவனம் செலுத்த வேண்டாம் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகமே எச்சரிக்கிறதே! பதில் தேடுமுன், அந்தப் பழைய ஏடுகள் எவ்வாறு பேசுகின்றன என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

அந்நாட்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கு 1790ஆம் ஆண்டு எடுக்கப்பட்டது. ஆனால் அதிலும் அடுத்த பல கணக்குகளிலும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. வீட்டிலுள்ள சுதந்திர மக்கள் அனைவருடைய பெயரும் ஏறியது 1850இல்தான். பிறப்புப் பதிவும் பல பகுதிகளில் ஒழுங்காக இல்லை. ஆனால் நிலம் கைமாறினால் எழுதியாக வேண்டும். ஒருவர் இறந்தால் அவர் விட்டுச் சென்றதைக் கணக்கிட்டாக வேண்டும். ஆகவே பெற்றோர் யார், பிள்ளைகள் யார் என்று அறிய விரும்புவோர் நீதிமன்றங்களில் கிடக்கும் சொத்து ஏடுகளைப் புரட்டுகிறார்கள்.

அவை நேராகச் சொல்லாததையும் சட்டம் அறிந்தவர் படித்துவிடலாம். மாசசூசெட்சில் குடியேறிய தூய்மைவாதிகள், இணைச்சட்ட நூலின் 21ஆம் அதிகாரத்தில் உள்ளபடி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு தந்தார்கள். 1641ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலேயே இது இடம்பெற்றுள்ளது. ஆகவே அங்கே ஒரு நிலம் ஏழு பங்காகி, ஒருவர் மட்டும் இரண்டு பங்கு பெற்றிருந்தால், பிள்ளைகள் ஆறு பேர், அவரே மூத்த மகன் என்று ஊகிக்கலாம். வர்ஜீனியாவிலோ, 1785இல் சட்டம் மாற்றப்படும்வரை, உயில் இல்லாத நிலம் முழுவதும் மூத்த மகனையே சேர்ந்தது. அங்கே ஒருவர் தாம் வாங்கியதாக எந்தப் பதிவும் இல்லாத நிலத்தை விற்றால், அது தந்தையிடமிருந்து இறங்கி வந்ததோ என்று தேடுகிறார்கள். ‘அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு’ என்று எழுதி, விலையாக ஐந்து ஷில்லிங் மட்டும் குறித்திருந்தால், அங்கே உறவு ஒன்று இருக்கிறது என்று அறிகிறார்கள்.

அதே ஏடுகள் நம்மை ஏமாற்றவும் செய்யும். நம் மொழியில் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று ஒவ்வோர் உறவுக்கும் தனிச் சொல் உண்டு. அக்கால ஆங்கிலத்தில் ‘கசின்’ என்ற சொல் உடன்பிறந்தார் மகனையும் குறிக்கக்கூடும். மருமகன் என்று பொருள்படும் சொல், மனைவியின் முந்தைய மணத்தில் பிறந்த மகனையும் குறிக்கக்கூடும். தாய் உயிருடன் இருந்தாலும் தந்தையை இழந்த பிள்ளை ‘அநாதை’யே, ஏனெனில் நீதிமன்றத்தின் கவலை பிள்ளைக்குரிய சொத்தைப்பற்றியது. உயிலில் ஒரு பிள்ளைக்கு ஒரு ஷில்லிங் மட்டும் எழுதியிருந்தால், தந்தை வெறுத்து ஒதுக்கினார் என்று முடிவு கட்டிவிட முடியாது. திருமணத்தின்போதே அப்பிள்ளை தன் பங்கைப் பெற்றிருக்கலாம். விவிலியத்தில் ‘சகோதரர்’ என்ற சொல் எத்தனை உறவுகளைத் தன்னுள் அடக்குகிறது என்று அறிந்த நமக்கு இது புதிதன்று. லோத்து ஆபிரகாமின் உடன்பிறந்தார் மகன். ஆயினும் தாங்கள் சகோதரர் என்றே ஆபிரகாம் சொல்லவில்லையா?

ஏடுகள் வாய்திறவாத இடங்களும் உண்டு. கணவன் இறந்தால் அவனது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள் முழுவதும் அனுபவிக்கும் உரிமை கைம்பெண்ணுக்கு இருந்தது. ஆகவே கணவன் நிலம் விற்கும்போது, அவளைத் தனியே அழைத்து, கட்டாயமின்றித்தான் இசைகிறாளா என்று அதிகாரிகள் கேட்டு எழுதினார்கள். வாழ்நாளில் அவள் பெயர் ஏட்டில் ஏறிய தருணங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அவள் எந்தத் தந்தையின் மகள் என்பதை அப்பத்திரம் பெரும்பாலும் சொல்வதில்லை. மத்தேயு நற்செய்தியின் தலைமுறைப் பட்டியலில் பத்சேபா தன் பெயரின்றி ‘உரியாவின் மனைவி’யாக நிற்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

இதனினும் கொடிய மௌனம் ஒன்று உண்டு. ஒருவர் இறந்ததும், அயலார் சிலர் நீதிமன்றத்தால் அமர்த்தப்பட்டு, அவர் வீட்டிலுள்ள பொருள்களை விலை மதித்துப் பட்டியல் எழுதுவார்கள். கட்டில், பானை, கலப்பை, பசு, கன்று; அவற்றின் இடையே மனிதர்கள். குடும்பப் பெயரின்றி ஒரு பெயர். எதிரே ஒரு விலை. சில வேளைகளில் ஒரு பெண்ணின் பெயரோடு ‘அவள் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். அடிமைத் தாயின் பிள்ளை அடிமையே என்று வர்ஜீனியா 1662இல் சட்டம் இயற்றியது. ஆகவே தாய் யார் என்பது சொத்துடையவனுக்குத் தேவைப்பட்டது. தந்தை யார் என்பது தேவைப்படவில்லை.

ஜான் வேல்ஸ் என்ற வர்ஜீனிய நிலக்கிழார் 1773இல் இறந்தார். அவருடைய மகள் மார்த்தாவை மணந்திருந்தவர், பின்னாளில் நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன். மாமனார் வழியாக அவருக்கு வந்த 135 அடிமைகளில் எலிசபெத் ஹெமிங்ஸ் என்ற தாயும், 1773இல் பிறந்த அவருடைய மகள் சாலியும் இருந்தார்கள். அந்தச் சாலியின் தந்தை வேல்ஸ்தான் என்று சாலியின் மகன் மாடிசன் ஹெமிங்ஸ் 1873இல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்பில் கூறினார். வரலாற்றறிஞர் பலரும் அதை ஏற்கின்றனர். அப்படியானால் நடந்தது என்ன? ஒரே தந்தையின் இரு மகள்கள். ஒருத்தி வாரிசு, மற்றவள் அந்த வாரிசுக்கு வந்த சொத்து. சொத்து ஏடு இருவரையும் அறிந்திருந்தது. அவர்கள் சகோதரிகள் என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை.

மற்றவர் வீட்டுக் கதையை இதுவரை சொன்னேன். இனிச் சொல்லப்போவது நம் வீட்டுக் கதை. இயேசு சபைக் குருக்கள் 1634இல் முதல் குடியேறிகளுடன் மேரிலாந்துக்கு வந்தார்கள். சபையின் பெயரால் நிலம் வைத்திருக்கச் சட்டம் இடந்தராததால், குருக்கள் தம் சொந்தப் பெயரில் நிலம் வைத்து, இறக்கும்போது உயில் வழியாக மற்றொரு குருவுக்கு விட்டுச் சென்றார்கள். அந்நிலங்களில் உழைத்த அடிமைகளும் அவ்வாறே கைமாறினார்கள். கல்லூரிக்குக் கடன் பெருகியபோது, 1838 ஜூன் 19 அன்று சபையின் மாநிலத் தலைவர் தாமஸ் மல்லெடி 272 பேரை லூசியானா மாநிலத்தவர் இருவருக்கு 1,15,000 டாலருக்கு விற்க ஒப்பந்தம் எழுதினார். குடும்பங்களைப் பிரிக்கக்கூடாது, அவர்கள் தம் விசுவாச வாழ்வைத் தொடர வழி செய்ய வேண்டும், பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தக்கூடாது என்று உரோமையிலிருந்த சபைத் தலைவர் விதித்திருந்த நிபந்தனைகள் காக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வணிகத்தைக் கண்டித்துத் திருமடல் வெளியிட்டார். கப்பல் அதற்கு முன்பே சென்றுவிட்டது.

விற்கப்பட்டவர்கள் கத்தோலிக்கர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததும் குருக்கள், விற்றதும் குருக்கள். ஆகவே அவர்கள் இரண்டு வகை ஏடுகளில் இருந்தார்கள். ஒன்றில் இறைவனின் பிள்ளையாக. மற்றொன்றில் வயதும் விலையும் கொண்ட பொருளாக. இரண்டும் ஒரே திருச்சபையின் கைகள் எழுதியவை. ஒன்றை எழுதிய கை மற்றொன்றை எழுதும்போது ஏன் நடுங்கவில்லை? இந்தக் கேள்வியை என்னால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

விற்கப்பட்டபோது ஏறத்தாழ 13 வயதினராயிருந்த கொர்னேலியுஸ் ஹாக்கின்ஸ் என்பவரின் வழியை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். அவர் சேர்ந்த தோட்டத்திலிருந்து கோவில் வெகு தொலைவு. குருவின்றியே அவர் திருமணம் நடந்தது. அடிமைமுறை ஒழிந்தபின், 1870ஆம் ஆண்டுக் கணக்கில் அவர் தம் முழுப் பெயருடன் சுதந்திர மனிதராகக் காணப்படுகிறார். பின்னர், முதிர்ந்த வயதில், குருவின்முன் தம் திருமண உறுதிமொழியைப் புதுப்பித்துக்கொண்டார். நம்மவர் அவரை விற்றார்கள். அவர் விசுவாசத்தை விற்கவில்லை. அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கத்தோலிக்கராகவே நின்றதால், விற்பனைப் பட்டியலில் தொடங்கிய தேடல் கோவில் பதிவேடுகளின் வழியே இன்றைய வழித்தோன்றல்கள்வரை வந்து சேர்ந்தது.

இப்போது முதற் கேள்விக்குத் திரும்புவோம். திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட எச்சரிக்கை, ஊகங்களுக்கு இடங்கொடுக்கும் பயனற்ற ஆராய்ச்சியைப்பற்றியது. என் பாட்டனார் பிரபு, என் குலம் உயர்ந்தது என்று நிறுவுவதற்காக ஏடு புரட்டுவோருக்கு அது இன்றும் பொருந்தும். ஆனால் தாய் எங்கே விற்கப்பட்டாள், தந்தை பெயர் என்ன என்று தேடுகிறவர் பெருமை தேடவில்லை. பறிக்கப்பட்டதைத் திரும்பக் கேட்கிறார். பெருமைக்காகத் தேடுவதும், பறிகொடுத்ததால் தேடுவதும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றும். இரண்டையும் வேறுபடுத்திக் காண்பதே இங்கு அறிவுடைமை.

‘அன்று அவர்கள் செய்ததற்கு இன்று நாம் என்ன செய்ய முடியும்? அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்’ என்று சிலர் கூறலாம். தனியொருவரின் பாவக் குற்றம் மகனுக்கு இறங்குவதில்லை என்பது உண்மையே. எசேக்கியேல் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் சொத்து இறங்குகிறது, கட்டடம் இறங்குகிறது, ஏடும் இறங்குகிறது. விற்ற பணத்தின் பயனைப் பெற்ற நிறுவனம் இன்றும் நிற்கும்போது, அந்தக் கடனும் அதனோடு நிற்கிறது. நன்மையை மட்டும் ஏற்பேன், கடனை ஏற்க மாட்டேன் என்று சொல்லும் வாரிசை எந்த நீதிமன்றமும் ஏற்காது. அந்தக் கல்லூரி வளர்ந்து உருவான ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் இயேசு சபையும் 2017 ஏப்ரலில் வழித்தோன்றல்களின்முன் மன்னிப்பு வேண்டின. மல்லெடியின் பெயரைத் தாங்கியிருந்த கட்டடத்துக்கு, விற்பனைப் பட்டியலில் முதற் பெயராக இருந்த ஐசக் ஹாக்கின்ஸின் பெயர் சூட்டப்பட்டது. இது போதுமா என்றால், போதாது. ஆனால் விலைக்கு எதிரே எழுதப்பட்ட ஒரு பெயர், மனிதரின் பெயராக மீண்டும் வாசிக்கப்பட்டது. நீதி அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

ஆகவே தேடும் கடமை வழித்தோன்றல்களுடையது மட்டுமன்று. ஏட்டைக் கையில் வைத்திருப்போருக்கே அது முதலாவதாக உரியது. இதை எழுதும்போது என் மனச்சான்றும் என்னை உறுத்துகிறது. பாட்டியின் திருமுழுக்குப் பதிவைத் தேடித் தருமாறு கேட்டு வந்த ஒரு முதியவரை, வேலை மிகுதி என்று சொல்லி, ‘பிறகு வாருங்கள், ஐயா’ என்று நான் அனுப்பியதுண்டு. அவர் மீண்டும் வரவில்லை. எனக்கு அது பழுப்பேறிய ஒரு பக்கம். அவருக்கு அது தாய்வழியின் ஒரே சான்றாக இருந்திருக்கலாம். அதன்பின் அப்பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் அது அலுவலகப் பொருளாக எனக்குத் தோன்றுவதில்லை.

எரேமியா தம் பத்திரத்தை மண்கலத்தில் இட்டது, தாம் திறந்து பார்ப்பதற்காக அன்று. நாடு கடத்தப்பட்டோரின் பிள்ளைகள் திரும்பி வருவார்கள், அவர்களுக்கு அது வேண்டியிருக்கும் என்ற நம்பிக்கையினால்தான். நம் கைகளிலும் அத்தகைய மண்கலங்கள் இருக்கின்றன. திரும்பி வருவோர் கதவைத் தட்டும்போது திறந்து கொடுப்போமா, ‘பிறகு வாருங்கள்’ என்று சொல்வோமா?