இரங்கலும் வணிகனும்

வினைத்தூய்மை அதிகாரத்துக் குறள் ஒன்றின் இறுதிக்கு உரையாசிரியர் இருவர் இருவேறு பொருள் கொண்டனர். இரங்கத்தக்க செயலை ஒருகால் செய்துவிட்டால், அதுபோன்றதைப் பின்னர்ச் செய்யாமை நன்று என்பது மணக்குடவர் கருத்து. செய்தபின் இருந்து இரங்காமையே நன்று என்பது பரிமேலழகர் கருத்து. நட்டமடைந்த சிறுவணிகனுக்கு இவற்றுள் எது துணையாகும்?

இவ்வினாவை வாழ்ந்தே அறிந்த மெய்யியலாளர் ஒருவர் உளர். கண்ணாடி வில்லை தேய்த்து எளிமையாய் வாழ்ந்தவராகவே ஸ்பினோசாவைப் பலரும் அறிவர்; அவர் வணிகராயிருந்தமை அதிகம் பேசப்படுவதில்லை. 1654 இல் தந்தை இறந்தபின், அம்ஸ்ரடாமில் உலர்பழம் முதலியவற்றை இறக்குமதி செய்த குடும்ப வணிகத்தைத் தம்பி கபிரியேலுடன் சேர்ந்து நடத்தினார். தந்தை விட்டுச்சென்ற கடனோ பெரிது. 1652 முதல் 1654 வரை இங்கிலாந்துடன் நிகழ்ந்த போர் அந்நகரின் கடல்வாணிபத்தை நலிவித்திருந்தது. 1656 இல், இருபத்தைந்து வயது நிரம்பாதவர் என்னும் சட்டநிலையைக் காட்டித் தந்தையின் கடன்களினின்று அவர் விடுபட்டார். அவ்வாண்டு யூலையிலேயே யூத சமூகம் அவரை விலக்கிவைத்தது.

அவர் மறைந்த 1677 இல் வெளிவந்த 'அறவியல்' நூலின் நான்காம் பகுதி, செய்ததற்கு இரங்குதல் அறமன்று, அது பகுத்தறிவிற் பிறப்பதுமன்று என்கின்றது. இரங்குபவன் முதலில் தீய விருப்பத்தாலும் பின்னர்த் துயராலும் இருமுறை தோற்கின்றான். பரிமேலழகருக்கு இஃது எத்துணை அணுக்கமானது! ஆயினும், மக்கள் பகுத்தறிவின் வழி நிற்பது அரிதாதலின், இரங்கலால் தீங்கிலும் நன்மையே மிகுதி என்றும் ஸ்பினோசா உடன்சேர்த்துரைக்கின்றார். இவ்விணைப்பை மறந்து அவரை மேற்கோள் காட்டுவோர் பலர்.

போர் மூளுமென வணிகன் அறிந்திருத்தல் இயலாது. அறியவியலாததை அறியாமைக்காகத் தன்னை நொந்துகொள்வதிற் பொருளில்லை. அங்கே ஸ்பினோசாவின் வாதம் முழுவதும் செல்லும். ஆனால் சிறுவணிகனின் நட்டம் அவனோடு நிற்பதில்லை. நம்பிக் கடனுக்குச் சரக்குக் கொடுத்தவனும், கூலி வரவேண்டிய வேலையாளும் அதிற் பங்காளிகள். சட்டம் கடனை நீக்கலாம்; கொடுத்தவனின் கைக்கு அப்பணம் திரும்புவதில்லை. அவர்களை நினைந்து வருந்துவதும் பகுத்தறிவின்மையா? சென்றதை மாற்ற விரும்பும் துயர் வேறு. கொடுக்கவேண்டியதைக் கொடுத்தவுடன் தணியும் துயர் வேறு. பின்னதற்குச் செய்யவேண்டிய வேலையொன்று உண்டு. அதனை முன்னதோடு ஒன்றாக்கி, இரண்டையும் கைவிடுமாறு வணிகனுக்கு அறிவுரை கூறுதல், கடன்காரரை மறக்கச் சொல்வதாகவே முடியும்.

ஸ்பினோசா மீண்டும் வணிகத்திற் புகவில்லை. கபிரியேல் சில ஆண்டுகள் அதனைத் தொடர்ந்து, 1660களில் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். கடையை விட்டு வெளியேறிய அண்ணனின் எண்ணம் நூலாயிற்று; கடையில் நின்ற தம்பியின் எண்ணம் நூலாகவில்லை.