நளன் தேரை நிறுத்திய இடம்

பரிகாரத்துக்கு வந்தவர் ஒரு வீட்டு வாசலை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு நளன் குளத்தில் முழுகினால், அந்தப் பரிகாரம் அவருக்குச் சேருமா? திருநள்ளாற்றில் குடியிருக்கும் எனக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. சனிக்கிழமை விடிவதற்குள் எங்கள் தெருவில் கர்நாடகா நம்பர், ஆந்திரா நம்பர், கேரளா நம்பர் எல்லாம் வந்து நின்றுவிடும். காரைக்காலில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். வண்டி நிற்கிற விதத்தைப் பார்த்தாலே ஓட்டி வந்தவர் என்ன மனநிலையில் இறங்கினார் என்று தெரியும். முன்சக்கரம் ஒடித்தபடியே இருக்கும், பின்பாதி தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும், கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கும் இழுத்திருக்கும். நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது.

அப்படி ஒரு சனிக்கிழமை எதிர்வீட்டு அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. ஆட்டோ தெருமுனையில் நிற்கிறது, உள்ளே வர வழியில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். வாசலை அடைத்திருந்த காரின் சொந்தக்காரர் ஈரத் துணியோடு எள் தீபம் ஏற்றப் போயிருந்தார். திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் கண் கலங்கிவிட்டார், நல்ல மனிதர்தான். “சாமி அவசரத்துல கவனிக்கலைங்க” என்றார். அந்தச் சமாதானத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சாமி அவசரம் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அது யாருடைய வாசலையும் அடைக்க உரிமை தருமா?

இந்த ஊர்க் கதையே இதற்குப் பதில் சொல்கிறது. நளனைப் பிடிக்கக் கலி பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தான் என்கிறது மகாபாரதம். எங்கள் தலபுராணத்தில் கலியின் இடத்தில் சனி இருக்கிறார். அத்தனை காலம் நுழைய இடம் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தது எது? கொலையல்ல, களவல்ல. சந்தியாவந்தனத்துக்கு முன் ஒருநாள் காலைச் சரியாகக் கழுவவில்லை, அவ்வளவுதான். வண்டியை எங்கே நிறுத்தினால் என்ன, இது ஒரு பெரிய பாவமா என்று கேட்பவர்கள், தாங்கள் யார் பெயர் சொல்லும் குளத்தில் முழுக வந்திருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதைவிட எனக்கு நெருக்கமானது கதையின் பின்பாதி. நாடிழந்த நளன் பிழைப்புக்குச் செய்தது என் தொழில்: ருதுபர்ணனுக்குத் தேரோட்டினான். ஒரே நாளில் விதர்ப்பம் போய்ச் சேர வேண்டும் என்று அரசன் நெருக்குகிறான். தேர் பறக்கிறது. நழுவி விழுந்த மேலாடையை எடுக்கலாமா என்று அரசன் கேட்பதற்குள் அது ஒரு யோசனை தூரம் பின்தங்கிவிட்டது. அத்தனை வேகத்திலும், வழியில் ஒரு தான்றி மரத்தின் காய் கணக்கை அரசன் சொன்னதும் நளன் தேரை நிறுத்தி இறங்குகிறான். நேரமாகிறது என்று அரசன் தவிக்கிறான். நளன் எண்ணிப் பார்த்து, அந்த வித்தையைக் கற்றுக்கொண்ட பிறகுதான் நகர்கிறான். மகாபாரதத்தில் கலி அவனை விட்டு வெளியேறியது அந்த இடத்தில்தான், தேர் ஓடும்போது அல்ல. எங்கே நிறுத்துவது என்று அறிந்த சாரதியைத்தான் கலியால் பிடித்துவைக்க முடியவில்லை என்று நான் இதைப் படிக்கிறேன்.

நிறுத்துவதைப் பற்றி இன்னொரு பாடம் எனக்குக் கிடைத்தது பிரான்சில். மகள் அங்கே இருக்கிறாள். காரைக்காலில் பல வீடுகளுக்கு அப்படி ஒரு உறவு உண்டு. அங்கே போயிருந்தபோது மருமகன் காரில் ஊர் ஊராகக் கூட்டிப்போனார். வலப்பக்கம் ஓட்ட வேண்டும், குறியீடு இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். ஊருக்குள் 50 கிலோமீட்டர், பாரீசில் 2021 முதல் பெரும்பாலான தெருக்களில் 30, விரைவுச்சாலையில் 130, மழையென்றால் 110. நம்மூர் லைசென்ஸோடு ஓராண்டு செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொண்டு சுற்றுலா போகிற நம் பிள்ளைகள் இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். என் மனதில் நின்றது ஒரு அட்டைத் தட்டு. சில தெருக்களில் கட்டணமில்லாமல் கொஞ்ச நேரம் நிறுத்தலாம். தட்டிலுள்ள சக்கரத்தைத் திருப்பி, வந்து சேர்ந்த நேரத்தை நாமே காட்டி, முன்கண்ணாடிக்குள் வைத்துவிட்டு இறங்க வேண்டும். தட்டு இல்லையென்றால் அபராதம் உண்டுதான். ஆனால் நேரத்தைக் கூட்டி வைத்தால் அந்தக் கணத்தில் பார்ப்பவர் எவருமில்லை. அந்நியனின் வாக்கை ஊர் நம்புகிறது. அறம் என்று நான் நினைப்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது: யாரும் நம்மை அறியாத ஊரில்.

திருநள்ளாறும் ஒருகாலத்தில் வெளிதேசம்தான். 1954 நவம்பர் 1 வரை இது பிரெஞ்சு மண். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சனீஸ்வரரைப் பார்க்க வந்தவர்கள் எல்லையில் சுங்கச் சோதனைக்கு நின்றுதான் உள்ளே வந்தார்கள். இன்று கேட்பாரில்லை. கேட்பாரில்லாதபோதும் நிற்கத் தெரிந்தவர் திருஞானசம்பந்தர். எங்கள் காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த மண் என்பதால் திருவாலங்காட்டை மிதிக்கத் தயங்கி, ஊருக்கு வெளியே தங்கினார் என்கிறது பெரியபுராணம். பக்கத்து நாகூர் தர்காவுக்குப் போகும் என் நண்பர்கள் நபிகளின் சொல் ஒன்றை நினைவூட்டுவார்கள்: பாதைக்கு அதற்குரியதைக் கொடுங்கள், பிறருக்குத் தொல்லை தராதீர்கள் என்பது அதன் சாரம்.

ஆகவே என் பதில், அந்தப் பரிகாரம் சேராது. செய்த வினைக்குப் பலன் தருபவர் சனி என்று நம்பித்தானே வருகிறோம்? குளத்தில் முழுகும் நேரத்திலேயே வாசலில் ஒரு புது வினையைச் செய்துவைத்தால், அவர் அதை மட்டும் எப்படி விட்டுவிடுவார்?

சனிக்கிழமை வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். கோயில் வீதிகளுக்குள் காரை நுழைக்காதீர்கள். வெளியே நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள், முடியாத பெரியவர்களை மட்டும் இறக்கிவிட்டுத் திரும்புங்கள். வேறு வழியே இல்லாமல் ஒரு வீட்டின் ஓரம் நிறுத்த நேர்ந்தால், கதவைத் தட்டிக் கேளுங்கள், கண்ணாடியில் செல்பேசி எண்ணை எழுதி வையுங்கள். எங்கள் தெருவில் யாரும் மறுக்க மாட்டார்கள்.