செம்பும் இரும்பும்

என் கராஜில் ஒரு செம்புக் கட்டை இருக்கிறது. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் தடிப்பு. எல்கடுவைப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் அப்பா வேலை செய்தபோது, பழைய மின்பலகையைக் கழற்றிய நாளில் தொரையிடம் கேட்டு வாங்கி வந்தது. சுத்தியலை நேரே இறக்கக் கூடாத இடங்களில் இதை நடுவில் வைத்துத்தான் அடிப்பேன். அடியைச் செம்பு வாங்கிக்கொள்ளும், எஃகு நசுங்காது. மழைக்காலத்தில் அதன் மேல் பச்சை படரும். அந்தப் பச்சையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒரு டிரைவ் ஷாஃப்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இனாமலுவச் சந்தியிலிருந்து சீகிரியாவுக்குத் திரும்பும் பாதையோரம் என் கராஜ். வருகிற வாகனங்களில் பாதி, யானை பார்க்க ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்பும் டபள் கெப்பும். ஆகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியாக் குளம் வற்றும்போது புல் தேடி யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். வாகனங்களும் பின்னாலேயே சேற்றில் இறங்கும். தார் ரோட்டில் ஓடிச் சூடேறிய ஹப் சட்டென்று தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சுருங்கிய காற்று சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு வருடம் கழித்து என்னிடம் வரும்.

போன ஆகஸ்டில் வந்த கெப்பும் அப்படித்தான். முன்சக்கரத்து ரப்பர் பூட் கிழிந்து, மண் புகுந்து, ஸ்டியரிங்கைத் திருப்பினால் கடகடவென்று சத்தம். ஷாஃப்டை வெளியே எடுத்தாக வேண்டும். ஹப் நட்டைக் கழற்றினோம். டை ரொட் முனை, போல் ஜொயின்ட் எல்லாம் விட்டுவிட்டன. ஷாஃப்டின் வெளிமுனை மட்டும் ஹப்பின் பற்களுக்குள் அசையாமல் நின்றது. புல்லரைப் போட்டு இறுக்கினோம். புல்லரின் கால்தான் வளைந்தது.

"பெரியப்பா, பெரிய சுத்தியல எடுக்கட்டா?" என்றான் என் தம்பி மகன். என்னிடம் வேலை பழகுகிறான்.

"வேணாம். நட்டை எடு."

நட்டை ஷாஃப்டின் முனையோடு சமமாக நிற்கும்வரை திருப்பி வைத்தேன். அடி தவறினாலும் மரை பிழைக்கும். இதை நான் கற்றுக்கொண்டது 1991இல், மாத்தளையில் வேலை பழகிய காலத்தில். பாஸ் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். பிடிவாதமாக நின்ற ஒரு ஷாஃப்டின் மேல் வெறும் சுத்தியலை இறக்கினேன். முனை காளான் போல விரிந்தது. அதற்குப் பிறகு அது முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. ஹப்போடு சேர்த்து அறுத்துத்தான் எடுத்தோம். அந்த வாகனத்துக்காரர் கடன் வாங்கி வேறு ஷாஃப்ட் தேடி அலைந்தார். பாஸ் என்னை ஏசவில்லை. அந்த விரிந்த முனையை ஒரு வருடம் என் மேசை மேல் வைத்திருந்தார்.

துரு ஏன் இப்படிப் பிடிக்கிறது? இரும்பு துருவாகும்போது முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். ஹப்பின் பல்லுக்கும் ஷாஃப்டின் பல்லுக்கும் நடுவே தலைமயிர் அளவு இடைவெளிதான். அதை நிரப்பிவிட்டு, ஊத இடமில்லாமல் துரு இரண்டு பக்கத்தையும் நெருக்கும். ஓங்கி அடிக்கிறவன் அந்த நெருக்கத்தோடு இன்னும் ஒரு நெருக்கத்தைச் சேர்க்கிறான். அதனால் அன்று மாலை துரு தின்னும் ஒயிலை ஹப்பின் வாயில் ஊற்றி, சுற்றிவரச் சின்னச் சின்னதாகத் தட்டிவிட்டு, வேலையை நிறுத்தினேன். வாகனத்துக்காரர் முகம் சுருங்கியது. சீசன் காலம், ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. அவர் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை.

இறுகிய பிடி இப்படி மெல்ல இளகுவதற்குச் சைவ சித்தாந்தத்தில் ஒரு சொல் உண்டு: மலபரிபாகம். உயிரைக் கட்டிய ஆணவம் என்ற மலம், அதாவது அழுக்கு, பக்குவப்பட்டுப் பிடி தளர்வது. ஆணவம் என்ற சொல்லை அணுவோடு சேர்த்து விளக்குவார்கள். எங்கும் விரியக்கூடிய உயிரை அணுவைப் போலச் சுருக்கி வைப்பதால் அந்தப் பெயர். அந்த மலம் பக்குவப்படுவதும் இறைவன் செயல்தான். ஐந்தொழிலில் மறைத்தல் என்று ஒன்று இருக்கிறதே, அந்த மறைப்புச் சக்தி உயிருக்குத் தெரியாமல் உள்ளே நின்று மலத்தைப் பழுக்க வைக்கிறது. பழுத்த பிறகுதான் அருள் வெளிப்பட்டு இறங்கும், அதற்குச் சத்திநிபாதம் என்று பெயர். மறைத்தலும் அருள்தான் என்பது சித்தாந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ராத்திரி முழுக்க இருட்டில் பற்களுக்கு இடையே ஊர்ந்து போகிற ஒயிலை நினைத்தால் அது எனக்குப் புரிகிறது.

இதையெல்லாம் முதலில் கேட்டது மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் திருவிழாவில். ஐந்து தேரும் இழுக்கிற பஞ்சரத பவனிக்கு முதல் நாள் ஒரு பெரியவர் பேசினார். உயிருக்கு மலம், செம்புக்கு அதில் படரும் பச்சையான களிம்பு என்றார். களிம்பு என்றைக்கு வந்தது? செம்பு என்றைக்கோ அன்றைக்கே. பேச்சு முடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டேன்.

"ஐயா, இரும்புக்குத் துருன்னு சொல்லக் கூடாதா? நாங்க நாள் முழுக்கப் பாக்குறது அதைத்தானே?"

"நீங்க இரும்பு வேலைக்காரர். நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

பல வருடம் யோசித்தேன். பதில் என் மேசை மேலேயே கிடந்தது. செம்புக் கட்டையின் பச்சையைப் புளி போட்டுத் துலக்கினால் அடியில் செம்பு முழுசாக இருக்கிறது. பச்சை மெல்லிய படலம். அது செம்பை மூடும், ஆனால் உள்ளே போய்த் தின்பதில்லை. துரு அப்படியா? சுரண்டினால் இரும்பும் சேர்ந்தே போகும். துருவே இரும்புதான், காற்றையும் நீரையும் கூட்டிக்கொண்டு மண்ணுக்குத் திரும்பும் இரும்பு. எங்கள் பக்கத்து அலகொலவெவவில், தெஹிகஹ-அல-கந்தவில், பழைய இரும்பு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கி.பி. 477இல் ஆட்சிக்கு வந்த காசியப்பன் சீகிரியாப் பாறைமேல் மாளிகை கட்டுவதற்கு முந்திய உலைகள் அவை. இந்தச் சிவந்த பூமியில் இரும்பு எடுத்தார்கள். விட்டுவைத்தால் இரும்பு அதே சிவப்புக்குத் திரும்பிவிடும்.

முன்னோர் இரும்பை விட்டுச் செம்பை எடுத்தது அதனால்தான் என்று நம்புகிறேன். உயிர் இரும்பாக இருந்தால் மலம் அதை நாளுக்கு நாள் தின்றுகொண்டிருக்கும். துலக்கி முடிக்கும்போது துலக்க ஒன்றும் மிஞ்சாது. சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. எத்தனை பிறவி மூடிக் கிடந்தாலும் அடியில் உயிர் குறையாமல் இருக்கிறது என்கிறது. புளியில் போன பச்சை மறு மாதம் திரும்ப வருமே என்றால், அதுவும் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் புளியோடு நிற்காமல், செம்பைப் பொன்னாக்கும் ரசவாதக் குளிகையையும் அருளுக்கு உவமை சொன்னார்கள். முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்தி ஒடுங்குகிறது என்பதே சித்தாந்த ஆசான் மெய்கண்டாரின் வழி. உண்மையைச் சொன்னால், ஷாஃப்டிலும் நாங்கள் துருவை ஒழிப்பதில்லை. பிடியைத்தான் விடுவிக்கிறோம்.

இது எனக்கு வெறும் உவமைக் கணக்கு இல்லை. என் தம்பி குடித்தான். கசிப்பு. 2003இல் ஒரு ராத்திரி, பிள்ளையின் பால்மாக் காசை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தவனை வாசலில் வைத்து அடித்தேன். அன்று அவனை இரும்பு என்றுதான் நினைத்தேன், விட்டால் ஒன்றும் மிஞ்சாது என்ற பயம். அடுத்த நாள் வீட்டை விட்டுப் போனான். குடி நிற்கவில்லை, இன்னும் கூடியது. பதினைந்து வருடத்துக்கு மேல் நாங்கள் செய்ததெல்லாம் மிகச் சின்னக் காரியங்கள். அம்மா அவனுக்கு ஒரு கோப்பை சோறு எடுத்து வைப்பாள். கிளினிக் நாளில் நான் வாகனம் அனுப்புவேன். அவன் மகனை நான் படிக்க வைத்தேன். எதுவும் நடக்கிற மாதிரித் தெரியவில்லை. பிறகு ஒரு வெசாக் அன்று தானாகவே நிறுத்தினான். ஏன் அன்றைக்கு என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. இப்போது தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டை இறக்குகிறான். அந்த அடிக்கு நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் பக்குவம் தானாக வரும் என்று யாராவது இதிலிருந்து எடுத்துக்கொண்டால் அது தவறு. ஒயில் ஊற்றாமல் பத்து வருடம் போட்டாலும் ஷாஃப்ட் விடாது, இன்னும் இறுகும். ஊற்றுவது என் வேலை, ஊர்வது என் வேலை இல்லை. இரண்டாம் நாளும் ஊற்றினோம், தட்டினோம். பெயாரிங் கிரீஸ் உருகாத அளவுக்கு ஹப்பை மட்டும் மெல்லச் சூடு காட்டினோம். மூன்றாம் நாள் காலை செம்புக் கட்டையை நட்டின் மேல் வைத்து, நடுத்தரமாக ஓர் அடி. ஷாஃப்ட் அரை அங்குலம் உள்ளே போயிற்று.

"கடைசி அடியிலதான் விட்டுச்சு பெரியப்பா" என்றான் தம்பி மகன்.

"இல்லடா, ராத்திரியே விட்டுருச்சு. காலையில நமக்குத் தெரிஞ்சிச்சு."

திரும்பப் பூட்டுவதில் அடி என்ற பேச்சே இல்லை. பற்களைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, தேய்மானம் பார்த்து, மெல்லக் கிரீஸ் தடவினோம். டிஃபரன்ஷியல் பக்கத்துக்குப் புதுச் சீல், புது சேர்க்ளிப். சேர்க்ளிப்பின் திறப்பைக் கீழ்நோக்கி வைத்து, கையால் நேராகத் தள்ள வேண்டும். டக் என்று ஒரு சத்தம் வரும். பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும், வரக் கூடாது. அந்தச் சத்தத்தை மகன்தான் கேட்டான். தள்ளியதும் அவன்தான்.

பகல் 11 மணிக்குக் கெப் மின்னேரியாவுக்குப் புறப்பட்டது. இந்தப் பாதையில் ஓடும் சாரதிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். குளத்தில் இறங்குமுன் கொஞ்ச நேரம் நிழலில் நிறுத்துங்கள். ஹப் ஆறட்டும்.