முதியோரைக் காக்கும் ஐந்து சமிதிகள்



இம்சை என்பது ஆயுதம் ஏந்திக் கொல்லுதல் மட்டும் அன்று. மனம், மொழி, மெய்களில் பிரமாதம் குடிபுகுந்து, அதன் வழியாகப் பிறிதோர் உயிருக்குக் கேடு விளையுமாயின் அதுவும் இம்சையே என்பது தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமிகளின் கருத்து. பிரமாதம் என்பது விழிப்பின்மை. கொல்லும் எண்ணம் சிறிதும் இல்லாதவனும் விழிப்பின்மையால் அவ்வினைக்கு ஆளாவான். இதன் ஆழத்தை 2020ஆம் ஆண்டில் உலகம் பெருந்துயரின் வழியே கற்றது.

அவ்வாண்டு மார்ச் 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. அதற்குச் சில நாட்கள் முன்னரே அமெரிக்காவின் கிர்க்லாந்து நகரில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் நோய் புகுந்து பலர் மாண்டனர். ஆராய்ந்தவர்கள் கண்டது யாது? பணியாளர் சிலர் நோய்க்குறியுடனேயே வேலைக்கு வந்திருந்தனர். சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் பணிபுரிந்து நோயைச் சுமந்து சென்றனர். இங்கிலாந்தில் மருத்துவமனைகளில் இடம் வேண்டும் என்பதற்காக நோயாளிகள் பரிசோதனையின்றியே முதியோர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். அறிகுறி இல்லாதவராலும் நோய் பரவக்கூடும் என்பதை எண்ணிப் பாராத அக்கொள்கை சட்டத்திற்கு முரணானது என 2022 ஏப்ரலில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவரும் முதியவரைக் கொல்ல எண்ணவில்லை, பிரமாதம் கொன்றது.

நம் நாட்டிலும் எச்சரிக்கை மணி ஒலித்தது. 2020 ஜூன் மாதத்தில் சென்னை இராயபுரம் காப்பகத்தில் 35 குழந்தைகளுக்குத் தொற்று கண்டபோது உச்சநீதிமன்றம் மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 4ஆம் நாள், முதியோர் இல்லங்களில் பணிபுரிவோர்க்குப் பாதுகாப்பு உடைகள் தரவேண்டும், இல்லங்களில் தூய்மை பேணவேண்டும் என அதே நீதிமன்றம் ஆணையிட்டது. பலர் ஒருங்கே உண்டு உறங்கும் இடத்தில் ஒருவர் அயர்ந்தால் அனைவரும் துன்புறுவர்.

இவ்விழிப்பை நம் முன்னோர் எப்போதோ வகுத்துவிட்டனர். முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளை இல்லறத்தார் தம் ஆற்றலுக்கேற்பக் கைக்கொள்ளலாம். ஈரியா சமிதி, நடையில் விழிப்பு: காய்ச்சலும் இருமலும் உள்ளவர் முதியோர் இல்லத்தின் வாயிலை மிதியாதிருத்தல். பாஷா சமிதி, சொல்லில் விழிப்பு: முகத்தை மூடி அளவாகப் பேசுதலோடு, நோயை மறைத்துப் பொய்யுரையாமையும், வதந்தி பரப்பாமையும் ஆகும். ஏஷணா சமிதி, உணவில் விழிப்பு: கழுவிய கையால் தூய உணவைத் தனித்தனிக் கலத்தில் அளித்தல். ஆதான நிக்ஷேபண சமிதி, எடுத்தலிலும் வைத்தலிலும் விழிப்பு: ஒருவரைத் தொட்ட கையையும் கருவியையும் தூய்மை செய்யாமல் மற்றொருவரிடம் கொண்டு செல்லாமை. உத்சர்க்க சமிதி, கழிவில் விழிப்பு: சளி, மலம், பயன்படுத்திய முகக்கவசம் ஆகியவற்றைப் பிறர்க்குத் தீங்கு நேராவண்ணம் நீக்குதல். மயிற்பீலியால் இடத்தை வருடிவிட்டு அமரும் முனிவர், கண்ணுக்குப் புலப்படாத உயிரையும் எண்ணியே அமர்கிறார். கண்ணெதிரே படுத்திருக்கும் பாட்டியை நாம் எண்ண வேண்டாவா?

சோப்பிட்டுக் கை கழுவினால் நுண்ணுயிர்கள் மாயுமே எனச் சிலர் ஐயுறலாம். இல்லறத்தான் அன்றாட வினைகளில் நேரும் ஆரம்ப இம்சையை முற்றும் நீக்க இயலாதவன். இயன்றவரை அதனைக் குறைப்பதும், ஐம்பொறி உயிராகிய மனிதர்க்குத் தன் சோம்பலால் கேடு நேராமல் காப்பதும் அவன் கடமை.

பணியாளரையும் மறத்தல் ஆகாது. அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று. குறைந்த கூலி பெறும் பெண் ஒருத்தி, ஒருநாள் வராவிட்டால் கூலி போய்விடும் என அஞ்சிக் காய்ச்சலுடன் பணிக்கு வருகிறாள் என்றால், அக்குற்றம் அவளுடையது மட்டுமா? ஓய்வு நாளுக்கும் கூலி கொடுப்பது முதியோர்க்கு இடும் முதற்கவசம். பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகில் விலனோவா என்னும் இல்லத்தின் பணியாளர் பலர், 2020 வசந்தத்தில் 47 நாட்கள் வீடு திரும்பாது முதியோருடனேயே தங்கி, நோய் உட்புகாமல் காத்தனர். அவர்கள் நம் சமயத்தவர் அல்லர். எனினும் வையாவிருத்தியம் என்னும் உள்தவத்தைச் செய்தவர்களே.

கட்டி வைத்தலும் அதிசாரமே. காப்பு என்ற பெயரால் முதியவரை மாதக்கணக்கில் ஓர் அறையில் அடைத்து முகம் காட்டாதிருந்தால், நோய் தீண்டாவிடினும் தனிமை அவரை வாட்டும். சாளரத்திற்கு வெளியே நின்று பேசுவதும், நாள்தோறும் தொலைபேசியில் நலம் கேட்பதும் மருந்தே.

"வயதானவர்தாமே, போகும் காலம்தானே" என்ற சொல்லை அந்நாட்களில் பலர் வாயிலாகக் கேட்டோம். சிராவகர் வாயில் அச்சொல் வரலாகாது. சல்லேகனை ஒருவர் தாமே தெளிந்து, குருவின் துணையுடன், அமைதியாக ஏற்பது. பிறருடைய அசட்டையால் மூச்சுத் திணறி மாள்வது சல்லேகனை அன்று. முன்னது தவம், பின்னது நம் பாவக்கணக்கு.

திண்டுக்கல் மாவட்டத்துப் பழனி வட்டாரத்தில் உள்ள ஐவர்மலைக்குச் செல்லுங்கள். கி.பி. 870இல், வரகுண பாண்டியன் காலத்தில், சாந்திவீரக் குரவர் அங்கே பார்சுவநாதர் திருவுருவைப் புதுப்பித்து, வழிபாட்டிற்கும் அடிகள் ஒருவர் உணவிற்கும் பொன் வைத்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. தம்மால் உணவு தேடிக்கொள்ள இயலாத ஒருவரை ஊர் தாங்கவேண்டும் என்ற அறம் அப்பாறையில் நிற்கிறது.

அதே மாவட்டத்தில் நிலக்கோட்டை வட்டத்துச் சேவுகம்பட்டி போன்ற ஊர்களில் பிழைப்பு தேடிப் பிள்ளைகள் வெளியூர் சென்றபின், முதியவர் ஒருவர் தனித்திருக்கும் வீடுகள் எத்தனை! அவ்வீடு ஒவ்வொன்றும் முதியோர் இல்லமே. அங்கே வந்து போகும் உதவியாளும், பால்காரரும், விடுமுறைக்கு வரும் பேரனும் அதன் வாயிற்காப்போர்.

2023 மே மாதத்தில் கோவிட் உலக நெருக்கடி முடிந்ததென அறிவிக்கப்பட்டது. ஆயினும் அடுத்த தொற்று சொல்லிவிட்டு வாராது. ஆகவே இன்றே ஒரு நியமம் ஏற்போம். காய்ச்சல் உள்ள நாளில் முதியவரை அணுகேன். முதியவர்க்கும் அவரைப் பேணுவோர்க்கும் உரிய தடுப்பூசியைத் தாழ்த்தேன். பணியாளரின் ஓய்வு நாட்கூலியைப் பிடியேன். நாள்தோறும் ஒரு முதியவரிடம் அன்போடு பேசுவேன். ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என்னும் நான்கனுள் அச்சம் நீக்கும் அபய தானம் பெரிது. அதனை நம் வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்குவோம்.

வாழ்க அகிம்சை! வளர்க நல்லறம்!