ஒலிப்பதிவும் அறக்கடனும்

ஓர் ஒலியைப் பதிந்து காத்தவர், அவ்வொலிக்கு உரியோர்பாற் செலுத்த வேண்டிய கடனையும் தீர்த்தவராவாரா? ஒலிப்பதிவுக் கருவி எல்லோர் கைக்கும் எட்டிவிட்ட இக்காலத்தில் இஃது ஆராயத்தக்க அறவினாவாகும்.

மட்டக்களப்பு வாவி இதற்கோர் எடுத்துக்காட்டினைத் தருகின்றது. நிலவொளி இரவுகளிற் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையிற் செவி வைத்து நீரடி இன்னொலியைக் கேட்பது இப்பகுதி மக்களின் வழக்கம். 1848இல் இங்கு வந்த எமேர்சன் ரெனன்ற் அதனைக் கேட்டு நூலில் எழுதினார். அவருக்கு அதுபற்றி உரைத்தோர் ‘மீனவர்’ என்னும் பொதுப்பெயரால் மட்டுமே அறியப்படுகின்றனர். 1954இல் அமெரிக்க இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்தார். அது வானொலி வழியே வெளியுலகை எட்டியது. பதிந்தவரின் பெயர் நிலைத்தது. தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, இடமும் காலமும் அறிந்து வைத்திருந்தோரின் பெயர்கள் நிலைக்கவில்லை.

பெயரைக் குறித்துவிட்டாற் கடன் தீர்ந்துவிடுமோ எனின், அதே 1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்ததொன்று அதனை மறுக்கின்றது. யூலை மாதத்தில் மெம்பிஸ் நகரில் எல்விஸ் பிறெஸ்லி பதிவு செய்த பாடலொன்று அவரது புகழுக்கு வித்திட்டது. அதனை இயற்றி 1946இல் முதலிற் பாடிப் பதிந்தவர் ஆதர் குறுடப் என்னும் கறுப்பினப் பாடகர். பிறெஸ்லியின் இசைத்தட்டிற் குறுடப்பின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. ஆயினும் அவருக்குரிய உரிமைப்பணம் முறையாக அவரை அடையவில்லை. கூலி வேலை செய்து வாழ்ந்த அவர் 1974இல் வறுமையிலேயே மறைந்தார்.

பதிவு இல்லையேல் குறுடப்பின் குரலே அழிந்திருக்கும் என்பர் சிலர். அக்கூற்று மெய்யே. எனினும் காத்தல் வேறு, உரிமை கொள்ளல் வேறு. அடைக்கலப் பொருளைப் பேணுபவன் அதற்கு உடையவனாகான்.

வாவியின் ஒலியை எழுப்புவது மீனா, ஊரியா என்பதே இன்னும் முடிந்த முடிபன்று. அதற்கு ஊதியம் கேட்கும் பாடகர் எவருமிலர். ஆனால் வாவிக்கரை ஊர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பழக்கும் அண்ணாவிமார் நம் கண்முன் உள்ளனர். அவர்தம் பாட்டைக் களரியிற் பதிவோர், முன்னரே இசைவு பெறுதலும், பெயரும் ஊரும் குறித்தலும், பயன் விளையின் பங்கு அளித்தலும் கடனாகும். கூத்தினை ஆராயும் பல்கலைக்கழக மாணவர்க்கு இக்கடன் முதலில் உரியது.